கிழவி என்றால் உரிமையுடையவள்!

(திருச்சியில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஒரு சொல்லோடு தொடங்குகிறேன். கிழவி!

திரைப்படக் கொட்டகையிலே இந்தச் சொல் ஒலித்தால் சிரிப்பு எழுகிறது. "ஏ, கிழவி!" என்று நகைச்சுவை நடிகர் அழைத்துவிட்டாலே தம் வேலை பாதி முடிந்தது என்று எண்ணுகிறார் உரையாடல் எழுதுபவர். தெருவிலே சொன்னால் சண்டை வரும். வீட்டிலே சொன்னால் கண்ணீர் வரும். ஆனால் தொல்காப்பியத்தைத் திறந்து பாருங்கள். அங்கே கிழவன் என்றால் தலைவன். கிழவி என்றால் தலைவி. கிழமை என்றால் உரிமை. நிலத்துக்கு உரியவரை நிலக்கிழார் என்கிறோமே, அந்தக் கிழார்! நரைத்தவள் என்பதன்று பொருள்; தளர்ந்தவள் என்பதன்று பொருள்; உரிமை உடையவள் என்பது பொருள். அகத்திணையிலே காதல் கொள்ளும் இளநங்கைக்கும் அதுவே பெயர். (இதை எனக்குச் சொல்லித் தந்தது கல்லூரி அன்று. கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன் நான். மன்றத்துப் படிப்பகத்தில், அட்டை கிழிந்த பழைய பதிப்பொன்றிலே கண்டது.)

உரிமையுடையவள் எப்படி உதவாதவள் ஆனாள்? அந்த ஆராய்ச்சியை மொழிநூலாருக்கு விட்டுவிடுகிறேன். நான் நாடகக்காரன். அந்தச் சொல்லுக்குத் திரையிலே என்ன உருவம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நாட்டிலே நெருக்கும் சிக்கல்கள் நூறு இருக்க, சினிமாப் பாட்டியைப் பற்றிப் பேசவா இந்த மேடை என்று தோழர் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கேட்கிறேன், தோழரே! நம் கூட்டங்களுக்கு முதலில் வந்து முன்வரிசையில் அமர்பவர் யார்? பேச்சாளர் வரத் தாமதமானாலும் எழுந்து போகாதவர் யார்? காந்தி மார்க்கெட்டிலே விடியுமுன் கூடையை இறக்கி, கணக்கை மனத்திலேயே போட்டு, ஒரு ரூபாய் பிசகாமல் சில்லறை தரும் அந்த அம்மா. உறையூரிலே தறியோடும் சுருட்டோடும் வாழ்நாளைக் கழித்த அந்த ஆயா. திருவரங்கத்துச் சித்திரை வீதியிலே பூக்கட்டும் அந்த மூதாட்டி. மேடையேறியதும் 'தாய்க்குலமே' என்று நாம் விளிப்பது அவர்களைத்தான். கூட்டம் முடிந்து அவர்கள் வீடு திரும்பினால் அங்கே ஒரு பெட்டி ஒளிர்கிறது. அதிலே அவர்களைப் போன்ற ஒருத்தி வருகிறாள். ஒன்று, அழுகிறாள், இல்லையேல், அழவைக்கிறாள், இரண்டும் இல்லையென்றால், மாலையிட்ட படமாகச் சுவரிலே தொங்குகிறாள்! அதை மகனும் பார்க்கிறான், மருமகளும் பார்க்கிறாள், பேரனும் பார்க்கிறான். பாட்டியின் பெயரில் இருக்கும் வீட்டுப் பத்திரத்திலே கைநாட்டு வாங்கக் காத்திருப்பவனும் பார்க்கிறான். ஆகவே, இது அரசியல்தான்!

சற்றே நிமிர்ந்து பாருங்கள், மலைக்கோட்டை தெரிகிறது. அங்கே குடியிருப்பவருக்குப் பெயர் தாயுமானவர். கதை உங்களுக்குத் தெரிந்ததே. பேறுகாலம் நெருங்கிய பெண்ணொருத்தி இந்த ஊரிலே. துணைக்கு வரவேண்டிய தாய் பூம்புகாரிலே. நடுவிலே காவிரியில் வெள்ளம். தாயால் வர முடியவில்லை. சிவனே அந்தத் தாயின் உருக்கொண்டு வந்து பேறுகாலம் பார்த்தானாம். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது, வீட்டிலே இரண்டு தாய்மார்! நம்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை, நம்புகிறவனும் அல்லேன். ஆனால் அந்தக் கதையைக் கட்டியவனுடைய கண்ணைப் பாராட்டுகிறேன். கடவுளுக்கு என்னென்னவோ வேடம் புனைந்த நாட்டிலே, இந்த ஊர்க்காரன் வயது முதிர்ந்த பெண்ணொருத்தியின் வேடத்தைப் புனைந்தான். எதற்காக? பீடத்திலே அமர்ந்து பூசை பெறவா? இல்லை! வெந்நீர் வைக்க, இடுப்பைப் பிடித்துவிட, குழந்தையைக் கையில் ஏந்த. வேலை செய்ய!

ஆற்றைக் கடந்து திருவரங்கம் போனால் அங்கே அரங்கநாயகித் தாயார். அவரைப் 'படிதாண்டாப் பத்தினி' என்று போற்றுகிறார்கள். அரங்கன் வீதியுலா வருவான். தாயாருக்கு வீதிப் புறப்பாடு கிடையாது. ஆற்றுக்கு இக்கரையிலே வெள்ளத்தைத் தாண்டிவந்த தாய். அக்கரையிலே வாயிற்படியைத் தாண்டாத தாயார். இரண்டில் எதைத் திரையுலகம் தனக்கென எடுத்துக்கொண்டது?

ஒரு கணக்குப் போடுவோம். எளிய கழித்தல் கணக்கு.

1954-ஆம் ஆண்டு, 'மனோகரா'. பம்மல் சம்பந்தனாரின் நாடகம், கலைஞரின் உரையாடல், எல்.வி.பிரசாத் இயக்கம். மகனாகச் சிவாஜி கணேசன், 1928-இல் பிறந்தவர். தாய் பத்மாவதியாகக் கண்ணாம்பா, 1911-இல் பிறந்தவர். பதினேழு ஆண்டு இடைவெளி. தாய்க்கும் மகனுக்கும் இயல்பாக இருக்கக்கூடியதே. அந்தத் தாய் என்ன செய்தாள்? மகனுடைய சினத்துக்கு அணை கட்டியவள் அவள். பொறுத்ததெல்லாம் போதுமென்று அந்த அணையைத் தானே திறந்துவிட்டவளும் அவள். சங்கிலியிலே பிணிக்கப்பட்டு நின்றவன் மகன். ஆணை பிறந்தது தாயின் வாயிலிருந்து!

1964, 'கர்ணன்'. அதே சிவாஜி. குந்தியாக எம்.வி.ராஜம்மா. மகனைவிட ஏழெட்டு ஆண்டே மூத்தவர்.

1991, 'தளபதி'. அதுவும் கர்ணன் கதைதான். மணிரத்னம் காலத்துக்கேற்பச் சட்டை மாற்றிப் போட்டார். கர்ணனாக ரஜினிகாந்த், 1950-இல் பிறந்தவர். கைவிட்ட தாயாக ஸ்ரீவித்யா, 1953-இல் பிறந்தவர். மகன் பிறந்து மூன்றாண்டு கழித்துத் தாய் பிறந்திருக்கிறாள்! இதோடு நிற்கவில்லை. 1975-இல் பாலச்சந்தரின் 'அபூர்வ ராகங்கள்' படத்திலே, பிரிந்துபோன மனைவியைத் தேடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தாரே அதே ரஜினிகாந்த், அந்த மனைவி யார்? இதே ஸ்ரீவித்யா! பதினாறே ஆண்டிலே மனைவி தாயானாள், கணவன் மகனானான்.

1997, 'அருணாசலம்'. கூன் விழுந்த பாட்டியாக வடிவுக்கரசி. பேரனைவிடப் பாட்டி வயதிலே இளையவர்!

பதினேழு, ஏழு, கழித்தல் மூன்று, பிறகு பாட்டியே பேரனுக்குத் தங்கை. இதை எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரிடம் காட்டினாலும் காதைத் திருகுவார். நாம் கைதட்டினோம்.

பண்டரிபாயை நினைத்துப் பாருங்கள். 1952-இல் 'பராசக்தி'யிலே சிவாஜிக்கு இணையாக நின்று, அவருக்கு அறிவு புகட்டிய விமலா அவர்தாம். 1969-இல் 'தெய்வமகன்' வந்தது. ஒரே படத்திலே ஒரு சிவாஜிக்கு மனைவி, இரண்டு சிவாஜிக்குத் தாய்! அந்த மகன்களிலே ஒருவருக்கு இணையாக ஆடிப்பாடியவர் ஜெயலலிதா. பதினேழு ஆண்டிலே நாயகி தாயாகிவிட்டார். நாயகர் மட்டும் மகனாகவே மிஞ்சினார். 1992-இல் 'மன்னன்' வந்தபோதும் பண்டரிபாய் தாய்தான், ரஜினிகாந்துக்கு. அவர் நன்றாக நடித்தார், ஐயமில்லை. நடிகையரைக் குறைசொல்ல இங்கு ஒன்றுமில்லை. வேறு வேடம் வைத்திருந்தால் அல்லவா அவர்கள் வேண்டாமென்று தள்ள முடியும்?

ஏன் இப்படி? தொழிலின் கணக்கு அது. படம் விற்பது நாயகன் பெயரால். நாயகனுக்கு வயது ஏறக்கூடாது. ஏறவில்லை என்று நாம் நம்பவேண்டுமானால், அவரோடு வளர்ந்த பெண்களுக்கெல்லாம் வயதை ஏற்றிக் காட்ட வேண்டும். உண்மையிலேயே அறுபது ஆன ஒரு முகத்தை அருகிலே நிறுத்திப் பாருங்கள். ஒப்பனைக்கு உள்ளேயிருந்து நாயகனின் ஐம்பது எட்டிப் பார்த்துவிடும்! ஆகவே முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் தலையிலே வெள்ளை பூசு, கண்ணாடி மாட்டு, இருமச் சொல். நாயகனின் இளமைக்குச் சாட்சி சொல்லவே அந்தத் தாய் நிறுத்தப்படுகிறாள். சாட்சி முடிந்ததும் கூண்டைவிட்டு இறக்கிவிடுகிறார்கள்.

'மன்னன்' என்றதும் உங்களுக்குப் பாட்டு நினைவுக்கு வந்திருக்கும். நோயுற்ற தாயை மகன் குழந்தையைப் போலப் பேணுகின்ற அந்தப் பாட்டை எழுதியவர் வாலி. திருவரங்கத்திலே வளர்ந்தவர், திருச்சி வானொலியிலே எழுதிப் பழகியவர், இயற்பெயர் ரங்கராஜன். (திருவரங்கத்திலே திரும்பிய பக்கமெல்லாம் ரங்கராஜன், எழுத்தாளர் சுஜாதாவும் ரங்கராஜன்தான்.) 'தளபதி'யின் தாய்ப் பாட்டும் வாலியின் கைவண்ணமே. கேட்டால் கல்லும் கரையும்; நானும் கரைந்திருக்கிறேன். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றைக் கேட்கிறேன். அந்தத் தாயைத் தூக்குகிறார்கள், துடைக்கிறார்கள், கும்பிடுகிறார்கள். அவளை எவரேனும் ஒரு கருத்துக் கேட்டார்களா? அவள் படுத்திருக்கும்வரை தெய்வம். எழுந்து நடந்து, "அந்த நிலத்தை விற்காதே, அது என் பெயரில் இருக்கிறது" என்று சொன்னால்? அப்போதும் பாட்டு வருமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். 1990-இல் 'நடிகன்', 1991-இல் 'சின்னத்தம்பி', 1992-இல் 'மன்னன்'. மூன்றுமே வெற்றிப் படங்கள். மூன்றுக்கும் இயக்குநர் பி.வாசு. அவர்மீது எனக்கு வழக்கில்லை. மக்கள் எதை விரும்பினார்கள் என்று நன்கறிந்த கைகாரர் அவர். அதனால்தான் அந்த மூன்றும் நமக்குச் சான்று. மூன்றாண்டுகளிலே முதிய பெண்ணுக்குத் திரையில் கிடைத்த மூன்று இருக்கைகளும் அங்கே உள்ளன. ஒன்று நகைப்புக்கு, ஒன்று இழிவுக்கு, ஒன்று வழிபாட்டுக்கு.

வழிபாட்டைப் பார்த்தோம். நகைப்புக்கு வருவோம். 'நடிகன்' படத்திலே இளைஞன் ஒருவன் கிழவன் வேடமிட்டு இசை ஆசிரியனாக ஒரு வீட்டுக்கு வருகிறான். மணமாகாமலே வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் அவன்மீது காதல் கொள்கிறார். அம்மையாராக மனோரமா. அவர் நாணுகிறார், கொட்டகை சிரிக்கிறது. அவர் பூச்சூடுகிறார்; கொட்டகை உருள்கிறது. நானும் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியிலே பார்த்துச் சிரித்து வளர்ந்த தலைமுறைதான். சிரிப்பு வேண்டாமென்று சொல்பவன் நாடகம் எழுத வரக்கூடாது. ஆனால் ஐந்தாண்டு முன்னே, 1985-இல், பாரதிராஜாவின் 'முதல் மரியாதை' வந்ததே! அதிலே ஊர்ப் பெரியவர் ஒருவர், நரை கண்டவர், மணமானவர், ஓர் இளம்பெண்மீது அன்பு கொள்கிறார். கொட்டகை சிரித்ததா? அமைதியாயிற்று. கண் கலங்கிற்று. காவியம் என்று போற்றிற்று. காவியம்தான், மறுக்கவில்லை. சிவாஜியின் நடிப்பிலே அது ஒரு சிகரம். ஆனால், நரைத்த ஆணின் நெஞ்சிலே காதல் பிறந்தால் காவியம்; நரைத்த பெண்ணின் நெஞ்சிலே பிறந்தால் கேலிக்கூத்து! அதே நெஞ்சு, அதே நரை. கூந்தலின் நீளம் மட்டும் வேறு. அந்தக் காவியத்திலும் பெரியவருடைய மனைவி யார்? வாய் ஓயாத ஒரு வசைக்காரி. அந்த வேடத்தை ஏற்றவர் அப்போது இளம்பெண்ணாக இருந்த அதே வடிவுக்கரசி. பெரியவரின் காதலுக்கு நியாயம் தேட, மனைவியின் வாயிலே நஞ்சை ஊற்ற வேண்டியிருந்தது.

2017-இல் தனுஷ் இயக்கிய 'பவர் பாண்டி' இந்த வழக்கிலே சிறிது இரக்கம் காட்டிற்று. ராஜ்கிரணும் ரேவதியும் முதுமையிலே சந்திக்கிறார்கள், யாரும் சிரிக்கவில்லை. புறப்பட்டுத் தேடிப் போனவர் மட்டும் ஆண். பெண் இருந்த இடத்திலே இருந்தாள்.

மனோரமாவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 1937-இல் பிறந்தவர், 2015-இல் மறைந்தவர், ஆயிரம் படங்களுக்குமேல் நடித்தவர் என்று கின்னஸ் ஏட்டிலே இடம் பெற்றவர், இயக்க நாடக மேடையிலே அண்ணாவோடும் கலைஞரோடும் நடித்தவர். 'தில்லானா மோகனாம்பாள்' படத்து ஜில் ஜில் ரமாமணியை எந்தத் தமிழன் மறப்பான்? இத்தகைய ஆற்றலாளர் ஓர் ஆணாக இருந்திருந்தால், ஐம்பதுக்குப் பிறகு அவருக்காகவே கதைகள் எழுதப்பட்டிருக்கும். இவருக்கு எழுதப்பட்டவை எத்தனை? 1988-இல் ஏவி.எம். எடுத்த 'பாட்டி சொல்லைத் தட்டாதே' ஒன்று உடனே நினைவுக்கு வருகிறது. பாட்டியே படத்தின் பெயரில் இருந்தாள். பாட்டியை நம்பியே படம் ஓடிற்று. ஆயிரத்துக்குமேல் நடித்தவருக்கு இப்படி விரல்விட்டு எண்ணக்கூடியவை! மற்றவற்றில் எல்லாம் நாயகனின் தாய், நாயகியின் அத்தை, வேலைக்காரி.

மூன்றாவது இருக்கை இருக்கிறதே, அதுதான் என்னை உறுத்துவது. 'சின்னத்தம்பி' படத்தின் இறுதிப் பகுதியிலே, வெள்ளைப் புடைவை உடுத்த கைம்பெண்ணான தாயை, மகன் எங்கே என்று கேட்டு வதைக்கிறார்கள். அவளை இழிவு செய்ய அவர்கள் கண்ட கருவி என்ன? சாட்டையன்று, வண்ணம்! வெள்ளைப் புடைவையின்மீது வண்ணநீர்! கொட்டகை கொதித்தது. எதைக் கண்டு கொதித்தது என்பதுதான் என் கேள்வி. ஒரு பெண்ணை வதைத்ததைக் கண்டா? கைம்பெண்மீது வண்ணம் பட்டுவிட்டதே என்பதைக் கண்டா? வண்ணம் அவளுக்கு ஆகாது என்ற பழைய தீர்ப்பை நாமும் நம் நெஞ்சிலே வைத்திருந்தால்தான் அந்தக் காட்சி வேலை செய்யும். அவளிடமிருந்து வண்ணத்தைப் பறித்தவர்கள்மீது வராத கோபம், வண்ணத்தைத் திருப்பி ஊற்றியவர்கள்மீது வந்தது. 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டிலே கைம்பெண் மறுமணத்துக்கும் பெண்ணின் சொத்துரிமைக்கும் தீர்மானம் நிறைவேற்றிய நாடு இது. அறுபத்திரண்டு ஆண்டுக்குப் பிறகும் கொட்டகையிலே அந்தத் தீர்ப்பு உயிரோடு இருந்தது!

திருவரங்கத்துப் பழைய தெருக்களிலே, தலையை மழித்து, முக்காடிட்டு, நார்மடி உடுத்து, அடுக்களைப் புகையிலே ஆயுளைக் கழித்த பாட்டிமார் ஒருகாலத்திலே வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். பத்து வயதிலே மணம், பன்னிரண்டிலே கைம்மை, எண்பது வரை வாழ்வு. ஒரு காவியத்துக்கு வேண்டிய துயரம் ஒவ்வொரு திண்ணைக்குப் பின்னாலும் இருந்தது. திரை அவர்களை எடுத்து என்ன செய்தது? பெரும்பாலும் மடி ஆசாரத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தது. 'மைக்கேல் மதன காமராஜன்' படத்திலே (1990) எஸ்.என்.லட்சுமி கைத்திருட்டுப் பாட்டியாக வந்து வயிறு குலுங்க வைத்தார். நான்காண்டு கழித்து 'மகாநதி'யிலே அதே எஸ்.என்.லட்சுமி, சிதறிப்போகும் ஒரு குடும்பத்தின் மூதாட்டியாக வந்தபோது அவருடைய ஆழம் தெரிந்தது. ஆழம் எப்போதும் இருந்தது, தோழர்களே! இறைக்க வாளி கொண்டு வந்தவர்கள்தாம் குறைவு.

"மக்கள் இதைத்தானே விரும்புகிறார்கள், கிழவியை நாயகியாக வைத்தால் யார் பார்ப்பார்?" என்பார்கள் பட முதலாளிகள். அவர்களுக்கு 1953-ஐ நினைவூட்டுகிறேன். அந்த ஆண்டு ஜெமினி வாசன் பெரும்பொருள் கொட்டி ஒரு படம் வெளியிட்டார். இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. அதிலே நாயகன் இல்லை, காதற்பாட்டு இல்லை. படத்தின் பெயரே ஒரு மூதாட்டியின் பெயர், 'ஔவையார்'. நடித்தவர் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். கிட்டப்பாவை இழந்து, வெள்ளுடை உடுத்தி, தனியே நின்றவர். பின்னர்ச் சென்னை மாகாண மேலவையிலே உறுப்பினராகவும் அமர்ந்தவர். வெற்றியா, தோல்வியா? நாடே திரண்டு பார்த்தது! அந்தக் கதையின் நடுமுடிச்சைக் கவனியுங்கள். மணம் வேண்டாத இளம்பெண் ஒருத்தி, தன் இளமையை நீக்கி முதுமையைத் தா என்று கேட்டுப் பெறுகிறாள். ஏன் கேட்டாள்? இளம்பெண் தனியே வழி நடக்க முடியாது. ஊர் ஊராய்ப் போக முடியாது. வேந்தனின் முகத்துக்கு நேரே உண்மை சொல்ல முடியாது. முதியவளால் முடியும்! முதுமை அவளுக்கு ஊன்றுகோல் அன்று. எல்லா ஊருக்கும் செல்லத்தக்க கடவுச்சீட்டு. தமிழன் கண்ட முதுமை அது. (புறநானூற்றுத் தாயையும் இங்கே அழைக்கலாம், ஆனால் அவளை நம் மேடைகளுக்கு ஆயிரம் முறை அழைத்துக் களைப்படையச் செய்துவிட்டோம். இன்று அவளுக்கு ஓய்வு.)

சௌகார் ஜானகியைப் பாருங்கள். 1969-இல் 'இரு கோடுகள்' படத்திலே மாவட்ட ஆட்சித் தலைவராக அமர்ந்தவர். 1981-இல், ஐம்பதாம் வயதிலே, 'தில்லு முல்லு'. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட இளைஞனுக்கு ஒரு தாய் தேவை. இல்லாத தாயாக நடிக்க முன்வருகிறார் ஒரு சீமாட்டி. பட்டுப்புடைவையும் பவ்வியமுமாய்த் திரைத் தாய் எப்படி இருப்பாள் என்பதை அவர் அதிலே நடித்தே காட்டிவிடுகிறார். வேடத்தைக் கலைத்தால் உள்ளே குறும்பும் துணிவும் கொண்ட முழு மனுஷி. தியாகத் திருவுருவம் என்பது ஒரு வேடம்தான் என்பதை, அழவைக்காமல், சிரிக்கவைத்தே சொன்ன படம் அது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வேடம் கொடுக்க எத்தனை பேர் முன்வந்தார்கள்?

சின்னத்திரைக்கு வருவோம். அதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். ஏனெனில் அங்கே ஆண்டுக்கணக்கில் ஓடினாலும் கதை நகர்வதில்லை. வாரத்திலே ஆறு நாள் கதை வேண்டும். செலவு குறைய ஒரே வீட்டுக்குள் நடக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே ஒரு பகை வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பகை, மாமியார். சாவிக்கொத்து அவளுக்கு; சூழ்ச்சி அவளுக்கு; கதவோரம் ஒட்டுக்கேட்கும் காது அவளுக்கு. வீட்டுச் சொத்து யார் பெயரில் என்று மட்டும் கேட்காதீர்கள். அது ஆண்களின் செய்தி!

இந்தப் பாலையிலே ஒரு சுனை ஊறிற்று. 2022 முதல் 2024 வரை சன் தொலைக்காட்சியிலே வந்த 'எதிர்நீச்சல்'. திருச்செல்வம் இயக்கியது. அந்த வீட்டிலே பட்டம்மாள் என்றொரு முதியவள். எல்லாருக்கும் அவள் அப்பத்தா. நடித்தவர் பாம்பே ஞானம். ஆண் வேடத்தையும் பெண்களே ஏற்கும் மகளிர் நாடகக் குழுவை நடத்தியவர். அப்பத்தாவின் பெயரில் குடும்பத் தொழிலிலே 40 விழுக்காட்டுப் பங்கு. அதைச் சுற்றித்தான் வீட்டு ஆண்களின் ஆட்டம் அத்தனையும். மிரட்டலும் அதற்கே, கும்பிடும் அதற்கே. அவளோ அடக்கப்பட்ட மருமகள்களைப் பார்த்து, படித்த படிப்பை எடு, வெளியே போ, உன் காலில் நில் என்கிறாள். நம் வீட்டு மூதாட்டிகள் அந்தத் தொடரை ஏன் விடாமல் பார்த்தார்கள் தெரியுமா? திரையிலே ஒரு கிழவி, தொல்காப்பியர் சொன்ன பொருளிலே கிழவியாக இருந்தாள்! 40 விழுக்காடு! செங்கற்பட்டிலே 1929-இல் கேட்டது, 1989-இல் தமிழ்நாட்டிலே மகளுக்குச் சட்டமாயிற்று. 2005-இல் நாடு முழுமைக்கும் ஆயிற்று. சட்டம் ஏட்டிலே ஏறிய வேகத்திலே கதையிலே ஏறவில்லை. 2023 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டு மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்று பெயரிடவில்லை, உரிமைத்தொகை என்றார்கள். அரசாணையிலே இடம்பிடித்துவிட்ட அந்தச் சொல், திரைக்கதையிலே இடம்பிடிக்க இன்னும் எத்தனை காலம்?

இந்த ஊரிலே நின்றுகொண்டு இதைப் பேசும்போது ஒருவரை நினையாமல் இறங்க முடியாது.

1938, ஆகஸ்டு முதல் நாள். கட்டாய இந்தியை எதிர்த்துத் தமிழர் பெரும்படை இந்தத் திருச்சியிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகப் புறப்பட்டது. ஏறத்தாழ நூறு பேர். தலைவர் குமாரசாமிப் பிள்ளை. படைத்தலைவர் பட்டுக்கோட்டை அழகிரி. அந்தப் படையிலே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883-இல் பிறந்தவர். கணக்கை நீங்களே போடுங்கள். ஐம்பத்தைந்து வயது! திரையிலே அந்த வயதுப் பெண்ணுக்கு என்ன வேலை? இருமுவது. மகன் வரும்வரை வாயிலைப் பார்த்திருப்பது. நான்காவது சுருளிலே இறந்து, நாயகனின் பழிவாங்கலுக்குத் தீ மூட்டுவது. இந்த அம்மையார் நடந்தார்! ஊர்தோறும் கூட்டம், கூட்டந்தோறும் முழக்கம். செப்டம்பர் 11-இல் படை சென்னை சேர்ந்தது. நாற்பத்திரண்டு நாள்!

அதற்கு முன்னும் அவர் வாழ்வு என்ன, வாயிற்படிக்குள் இருந்ததா? பெண்களைப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் கொடுமையை அந்தச் சமூகத்திலேயே வளர்ந்து, அறிந்து, எதிர்த்து நின்றவர். 1923-இல் காக்கிநாடா காங்கிரசு மாநாட்டிலே கொடி பிடிக்கத் தடை வந்தபோது, கொடிகளையே புடைவையாக்கி உடுத்திப் போனவர். 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை எழுதியவர். 1947-இல் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் வந்ததைத் தம் கண்ணாலேயே கண்டவர். 1962-இல் மறைந்தார். அவர் பெயரால் கல்லூரி மாணவியருக்கு உயர்கல்வி உறுதித் திட்டம் 2022-இல் தொடங்கிற்று. பெயர் திட்டத்திலே இருக்கிறது. முகம்? நம் பிள்ளைகளிலே எத்தனை பேருக்கு அந்த முகம் தெரியும்?

நாடகம் எழுதும் இளைஞர்களே, குறும்படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அலையும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். உறையூரிலிருந்து தொடங்குங்கள். அந்த ஆகஸ்டு வெயிலிலே அவர் எப்படி நடந்திருப்பார்? எந்த ஊர்த் திண்ணையிலே படுத்திருப்பார்? இருபது வயது இளைஞன் களைத்து உட்கார்ந்தபோது அவர் என்ன சொல்லியிருப்பார்? "உங்களுக்கு ஏனம்மா இந்த வயதிலே இது?" என்று எவனாவது கேட்டிருந்தால், என்ன விடை கிடைத்திருக்கும்? ஆறு காட்சி போதும். பெரிய அரங்கம் வேண்டாம். நாற்பத்திரண்டு நாளையும் தெருவிலேயே நடித்துக் காட்டலாம்.

வேடத்துக்கு ஆள் தேடும்போது மட்டும், இருபத்தைந்து வயதுப் பெண்ணைப் பிடித்துத் தலையிலே வெள்ளை பூசாதீர்கள். காந்தி மார்க்கெட்டிலே கேளுங்கள். உறையூர்த் தறிக்கூடத்திலே கேளுங்கள். இதோ, இந்த முன்வரிசையிலே கேளுங்கள். நடக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.